கம்பி அறுந்ததா, புத்தி அறுந்ததா?

குதிரைப் பந்தயக்காரர்களுக்கு ஒரு மகா கஷ்டம் நேர்ந்திருக்கிறதாம். பெரிய பட்டணங்களுக்கு வெளியே உள்ள பந்தய மைதானங்களில் இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைப்பதில்லையாம். பணம் கட்டப்போகும் சமயம் பார்த்துத் தொடர்பு அறுந்துவிடுகிறதாம். ஆதலால் தங்குதடையில்லாத தொடர்பு உடனே வேண்டுமாம்!

தமிழ்நாட்டில் ரேஷன் கடைக் கைரேகைக் கருவிக்குத் தொடர்பு கிடைக்காமல் கிழவிகள் வெயிலில் காத்துக்கிடப்பது உண்டு. 2020-ல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்களை மூடியபோது, மலைக்கிராமத்துப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடு மேடாக ஏறித்தான் பாடம் கேட்டார்கள். அவர்கள் கஷ்டத்துக்கெல்லாம் வராத அவசரம், குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்றால் இதை என்னவென்று சொல்லுவது?

நிற்க. சென்ற மாதம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கத்து டீக்கடையில் ஒரு வாலிபரைச் சந்தித்தோம். உழைத்துப் பிழைப்பவர். முகத்தில் இழவு வீட்டுக் களை. "அண்ணே, டவர் மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு நான் ராஜா" என்றார். பெங்களூர்ப் பந்தயத்தில் ஒரு தரகன் மூலம் பணம் கட்டப் போனாராம். செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அவர் நினைத்த குதிரை ஜெயித்துவிட்டதாம்.

"அந்தக் குதிரையை எப்படித் தம்பி தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டோம்.

"ஏழாம் நம்பர் அண்ணே. நான் பிறந்தது ஏழாந்தேதி. ராகுகாலம் முடிஞ்சப்புறம்தான் போனையே எடுத்தேன்."

"போன வாரம் டவர் நன்றாயிருந்ததே, அப்போது என்ன ஆயிற்று?"

"அது வேற விஷயம்ணே" என்று டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

தோழர்களே! ஆகாயத்தில் துணைக்கோளை நிறுத்தி, கடலுக்கடியில் கண்ணாடி இழை ஓட்டி, கண் சிமிட்டுவதற்குள் சேதி அனுப்பும் வித்தையை மனிதன் கண்டுபிடித்தான். அந்த வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு ராகுகாலம் பார்க்கிறான்! தருமபுத்திரன் பெண்டாட்டியைச் சூதில் வைத்தபோது அவனுக்கு இன்டர்நெட் இல்லை. இருந்திருந்தால் ஒரு மணியில் தோற்றதை ஒரு நிமிஷத்தில் தோற்றிருப்பான், அவ்வளவுதான்.

பந்தயக் கணக்கு என்பது பரம ரகசியம் அல்ல. 1860-களில் பாரிசில் ஜோசப் ஒல்லேர் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கட்டின பணத்தையெல்லாம் ஒரே குவியலாகச் சேர்ப்பது. நடத்துகிறவன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வது. மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பங்கிடுவது. 1891-ல் பிரெஞ்சு சர்க்கார் இதற்குச் சட்டமே செய்தது. 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இந்தக் கூட்டலைச் செய்ய யந்திரமும் வந்துவிட்டது. நடத்துகிறவன் நூற்றுக்கு இருபது எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் கொண்டுவந்த 100 ரூபாய் முதல் பந்தயத்தில் 80, அதையே மறுபடி கட்டினால் 64, பிறகு 51, பிறகு 41, ஐந்தாம் பந்தயத்தில் 33. எந்தக் குதிரை முந்தினாலும் இந்தக் கணக்கு பிந்தாது. தொடர்பு மெதுவாயிருந்தால் 33-க்கு வர ஒரு நாள் ஆகும். வேகமாயிருந்தால் ஒரு மணி போதும். வேகமான கம்பி யாருக்கு வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

இது போதாதென்று மத்திய சர்க்கார் வேறு பங்குக்கு வருகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பந்தயத் தொகை முழுவதன்மேலும் நூற்றுக்கு 28 வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவே 40.

"இது சூதல்ல, திறமை" என்பார்கள். 1974-ல் தமிழ்நாடு சட்டசபை குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. மதராஸ் ரேஸ் கிளப் தொடர்ந்த வழக்கில் 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதைத் திறமையின் ஆட்டம் என்றே தீர்ப்பளித்தது. நல்லது. குதிரைக்குத் திறமை உண்டு, ஓட்டுகிறவனுக்கு உண்டு, வளர்க்கிறவனுக்கும் உண்டு. ஏழாந்தேதி பிறந்ததில் என்ன திறமை? குதிரையின் பரம்பரையைக் கரைத்துக் குடித்தவனே வந்தாலும், குவியலிலிருந்து முதலில் எடுக்கப்படும் பங்கைத் தடுப்பானா? அவன் ஜெயிப்பது டீக்கடைத் தம்பியின் பணத்தைத்தானே! (உண்மையான திறமை கிண்டியில்தான் இருந்தது: 160 ஏக்கருக்கு மேற்பட்ட சர்க்கார் நிலத்துக்கு வருஷக் குத்தகை 614 ரூபாய்ச் சில்லறை. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்தபோது அதுவும் கோர்ட் ஏறியது.)

தொடர்பு நம்பிக்கையானதாக இருந்தால் மோசடி இராது என்பதும் பிதற்றல். 2002 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஆறு பந்தயங்களின் ஜெயத்தையும் சேர்த்துச் சொல்லும் சீட்டுகளின் விவரம், வெளியூர்களிலிருந்து நாலாவது பந்தயம் முடிந்த பிறகுதான் தலைமையிடத்துக்கு அனுப்பப்பட்டு வந்தது. பந்தயக் கணிப்பொறிக் கம்பெனியின் ஊழியன் ஒருவன், முதல் நாலு பந்தயம் ஓடி முடிந்த பிறகு தன் கூட்டாளியின் சீட்டில் ஜெயித்த குதிரைகளை எழுதி அனுப்பிவிட்டான்! பரிசு சுமார் முப்பது லட்சம் டாலர். எதிர்பாராத குதிரை ஒன்று ஜெயித்ததால் சந்தேகம் எழுந்து அகப்பட்டுக்கொண்டான். கம்பி அறவில்லை; கம்பியின் முனையில் உட்கார்ந்திருந்தவன் யோக்கியதைதான் அறுந்தது.

கம்பியை ஒழித்தால் சூது ஒழியும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. நியூயார்க் பருத்தி விலை தந்தியில் பம்பாய்க்கு வர, அதன்மேல் அங்கே பந்தயம் கட்டினார்கள். 1961-ல் அது நின்றது. உடனே பானைக்குள் சீட்டைப் போட்டு எடுத்தார்கள், மட்கா பிறந்தது. கம்பி போனாலும் பானை கிடைக்கும்.

டீக்கடைத் தம்பியோடு உட்கார்ந்து, அவர் செல்போனிலிருந்தே ஆறு மாதத்தில் தரகனுக்குப் போன பணத்தையும், திரும்பி வந்ததையும் கூட்டிப் பார்த்தோம். போனது 31,500, வந்தது 9,200. அவர் அதற்கு முன் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

ஆகவே பந்தய முதலாளிகளுக்கு நாம் ஒன்று சொல்லுகிறோம். பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும், "இந்த வருஷம் நீர் கட்டியது இவ்வளவு, பெற்றது இவ்வளவு, நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது இவ்வளவு" என்று அடுத்த பணம் கட்டுமுன் திரையில் காட்டட்டும். அதற்கு எவ்வளவு வேகமான தொடர்பு கேட்டாலும் கொடுக்கலாம். நமக்கு ஆட்சேபணை இல்லை.