'கிடைக்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும்

ஓர் அலுவலகத்தின் நினைவு அதன் கடிதங்களில் இருக்கிறது. முற்காலத்தில் அந்நினைவு நாடாவால் கட்டப்பட்ட கோப்புகளாய் அலமாரிகளில் உறங்கிற்று. இன்று அது மின்னஞ்சலாய்க் கணினிக்குள் குடியிருக்கிறது. கேட்ட கோப்பைத் தேடி எடுத்துத் தந்த அனுபவமிக்க குமாஸ்தாவின் இடத்தில், திரையின் மேற்புறத்தில் ஒரு சிறு தேடல் கட்டம் அமர்ந்திருக்கிறது. அதில் ஒரு சொல்லைத் தட்டினால், ஆயிரக்கணக்கான கடிதங்களிலிருந்து வேண்டியது நொடிப்பொழுதில் வந்து நிற்கிறது. இவ்வசதிக்கு நாம் பழகிவிட்டோம். ஆதலால், அக்கட்டம் ஒரு நாள் பழுதுற்று, முடிவுகள் எவையும் இல்லை என்று காட்டுமாயின், கடிதமே இல்லையென்று நம்பிவிடுகிறோம். இந்நம்பிக்கை தவறானது. அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று. களப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹைதராபாத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்டதைக் கூறுகிறேன். பருவமழை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். களப் பணியாளர் ஒருவர், சில கிராமங்களின் நிலங்களுக்கு எவ்வளவு உரமிடலாம் என்று உழவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்நிலங்களின் மண் பரிசோதனை முடிவுகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மின்னஞ்சலில் அவருக்கு வந்திருந்தன. தேடல் கட்டத்தில் கிராமத்தின் பெயரைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. அனுப்பியவர் பெயரைத் தட்டினார், அதற்கும் விடையில்லை. முடிவுகள் கைவசம் இல்லை, மீண்டும் மண் எடுக்க வேண்டும் என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். மறுபடியும் மண் எடுத்து, உலர்த்தி, சலித்து, சோதித்து முடிவு வருவதற்குள் விதைப்புக் காலம் கடந்துபோகும். கணினியைப் பழுதுபார்க்க வந்த இளைஞரோ, மின்னஞ்சல் நிரலையும் அதன் கோப்புகளையும் அடியோடு அகற்றிவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்றார். அங்கிருந்த மூத்த பெண் அலுவலர் குறுக்கிட்டு, "சற்றுப் பொறுங்கள், தம்பி. அதே அஞ்சல் பெட்டியை இணைய உலாவியில் திறந்து பார்த்துவிடுவோம்" என்றார். திறந்ததும் கடிதம் அகப்பட்டது. கணினியில் கடந்த ஓராண்டுக் கடிதங்களுக்கு மட்டுமே பிரதி இருந்தது. முந்தியவை சர்வரில் பத்திரமாக இருந்தன. தேடல் கட்டம் தன் கைக்கு எட்டிய அளவில் தேடிவிட்டு, இல்லையென்று சொல்லியிருந்தது.

சொல்லடைவு என்பது யாது?

இந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ளத் தேடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். கணினியில் இயங்கும் மின்னஞ்சல் நிரல்களிற் பல, நாம் கேட்கும்போது கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதில்லை. கடிதங்கள் வரவர, அவற்றிலுள்ள சொற்களை முன்கூட்டியே பிரித்து, இன்ன சொல் இன்ன இன்ன கடிதங்களில் வருகிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கின்றன. பெரு நூல்களின் இறுதியில் நாம் காணும் சொல்லடைவு போன்றதே இது. நாம் தேடுகையில் நிரல் புரட்டுவது இச்சொல்லடைவைத்தான்; கடிதங்களையன்று. சொல்லடைவு பாதி எழுதப்பட்டு நின்றிருந்தாலும், சிதைந்திருந்தாலும், பழையதாகியிருந்தாலும், கடிதம் இருந்தும் இல்லாததாகத் தோன்றும். நூலின் பின்னிணைப்பில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டால் நூலிலிருந்து அச்செய்தி மறைந்துவிடுவதில்லை அன்றோ?

இவ்வுண்மையை நூலகத் துறையினர் நெடுநாளாக அறிவர். சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் காலம் வீணாகாமற் காப்பதைப் பற்றியது. நூல் அலமாரியில் இருப்பது மட்டும் போதாது. வேண்டியவர் கையில் வேண்டிய பொழுதில் அது சேர்வதற்கு வகைப்பாடும் பட்டியலும் தேவை என்பது அவர் கண்ட நெறி. மின்னஞ்சலுக்கும் இந்நெறி பொருந்தும்.

பழுதை அறியும் முறை

ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியின் மீது ஐயம் எழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? முடிவு முன்னரே தெரிந்த மாதிரி ஒன்றை அதில் இட்டுச் சோதிக்கிறோம். தேடல் கட்டத்தையும் அவ்வாறே சோதிக்கலாம். வழக்கத்தில் இல்லாத ஒரு சொல்லை எழுதி நமக்கு நாமே ஒரு கடிதம் அனுப்பிச் சில நிமிடம் கழித்து அச்சொல்லைத் தேடுக. அடுத்து, பழைய கடிதம் ஒன்றைக் கண்ணால் பார்த்து எடுத்து, அதிலுள்ள ஓர் அரிய சொல்லைத் தேடுக. புதியது வராமல் பழையது மட்டும் வருமாயின், சொல்லடைவு எழுதும் பணி இடையில் நின்றுபோயிற்று என்று ஊகிக்கலாம். புதியது வந்து பழையது வராதாயின், சொல்லடைவு முற்றுப்பெறவில்லை. இரண்டுமே வராவிடில், சொல்லடைவு சிதைந்திருக்கலாம். அல்லது தேடும் எல்லை தவறாக அமைந்திருக்கலாம். கண்ணால் பார்த்தும் பழைய கடிதங்கள் கணினியில் தென்படாவிடில், அவை சர்வரில் மட்டும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

தேடும் எல்லை என்பதை அநேகர் கவனிப்பதில்லை. நிரல் இப்போது திறந்துள்ள கோப்புறையில் மட்டும் தேடுகிறதா, அஞ்சல் பெட்டி முழுவதிலும் தேடுகிறதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும். அதன் பின், முற்கூறிய அம்மையார் செய்தது போல, அதே பெட்டியை இணைய உலாவியில் திறந்து தேடுக. அங்கே கிடைத்தால் பழுது நம் கணினியைச் சார்ந்தது, கடிதத்திற்கு ஆபத்தில்லை. அவுட்லுக் நிரலில் ஓராண்டுக் கடிதங்களை மட்டும் கணினியில் வைத்துக்கொள்வது பல இடங்களில் ஆரம்ப ஏற்பாடாக உள்ளது. கணக்கின் அமைப்பில் அக்கால அளவை நீட்டிக்கொள்ள இயலும்.

பழுதுபார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. நிரலை மூடித் திறப்பது முதற்படி. சொல்லடைவு எழுதி முடிக்கப்பட்டதா, எத்தனை கடிதங்கள் எஞ்சியுள்ளன என்று நிரலோ விண்டோஸ் அமைப்போ காட்டும் நிலையைப் பார்ப்பது இரண்டாம் படி. எஞ்சியிருப்பின், கணினியை மின்னிணைப்பில் வைத்து, அணைக்காமல் விட்டுவிடுக. வட்டில் இடம் போதுமா என்று நோக்குவது மூன்றாம் படி. இவற்றால் பயனில்லையெனில், சொல்லடைவை நீக்கிப் புதிதாக எழுதச் செய்வது நான்காம் படி. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம்; ஆயின் இதனால் கடிதம் எதுவும் அழிவதில்லை. தண்டர்பேர்ட் போன்ற நிரல்களில் சொல்லடைவு தனிக் கோப்பாகவே உள்ளது; நிரலை மூடிவிட்டு அதனை மட்டும் அகற்றினால், மறுமுறை திறக்கையில் நிரல் அதனைத் தானே எழுதிக்கொள்ளும்.

அஞ்சல் கோப்புகளையே அழித்துப் புதிதாக நிறுவுவது இவ்வரிசையில் இடம் பெறவில்லை என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். கடிதங்களைச் சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டு அங்கே பிரதி வைக்காத பழைய முறை இன்னும் சில அலுவலகங்களில் உள்ளது. அத்தகைய இடத்தில் கணினியில் இருப்பதே ஒரே பிரதி. அங்கே அவசரப்பட்டு அழிப்பவர், வெறும் தேடற் பழுதை உண்மையான இழப்பாக மாற்றிவிடுகிறார். பழுது கடிதத்தைக் கொல்வதில்லை. பொறுமையற்ற சிகிச்சை கொல்லக்கூடும்.

தமிழ்க் கடிதங்களின் தனித் தொல்லை

கருவி செவ்வையாக இயங்கினும் தமிழ்க் கடிதங்கள் சில வேளை அகப்படுவதில்லை. இதற்குக் காரணங்கள் உள. முதலாவது, நம் மொழியில் சொற்கள் உருபேற்று வடிவு மாறுகின்றன. 'நிலம்' என்று தேடினால் 'நிலத்தின்' என்னும் சொல் உள்ள கடிதம் வராமற் போகலாம். இரண்டிற்கும் பொதுவான 'நில' என்னும் பகுதியைத் தட்டினால் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாவது, ஊர்ப் பெயர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். திருச்சிராப்பள்ளி ஒரு கடிதத்தில் திருச்சியாகவும், ஹைதராபாத் மற்றொன்றில் ஐதராபாத்தாகவும் இருக்கும். மூன்றாவது, யூனிகோடு முறை பரவுவதற்கு முன் எழுதப்பட்ட கடிதங்கள் தனித்தனி எழுத்துருக்களில் உள்ளன. அவை திரையில் தமிழாகத் தோன்றினும், உள்ளே வேறு குறியீடுகளாக இருப்பதால் இன்றைய தேடலுக்கு அகப்படா. தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான் என்பது நினைவிருக்கட்டும். யூனிகோடிலும் 'கொ' போன்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் பதியலாம்; இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாத நிரல், கண் முன் உள்ள சொல்லையும் காணாது. இவையன்றி, புகைப்படமாக எடுத்து இணைத்த பத்திரங்களில் உள்ள எழுத்துகளைச் சாதாரணத் தேடல் படிப்பதில்லை.

கடமை யாருடையது?

இது கணினித் துறையினரின் வேலை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அலுவலகங்கள் தம் ஆவணங்களை முறைப்படி பட்டியலிட்டும் அடைவு செய்தும் வைத்திருத்தல் வேண்டும் என்று நான்காம் பிரிவில் விதிக்கிறது. குடிமகன் ஒருவர் கேட்ட தகவலுக்கு, பழுதுற்ற தேடல் கட்டத்தை நம்பி, இல்லையென்று பதில் எழுதுபவர், தாம் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கையொப்பமிடுகிறார். மாணவரின் சான்றிதழ் விவரமாயினும், உழவரின் மண் பரிசோதனையாயினும், அப்பதிலால் துன்புறுபவர் மறுமுனையில் இருக்கும் எளியவரே.

ஹைதராபாத் நகரின் தார்நாக்காவில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகியோர் காலத்துப் பாரசீக ஆவணங்கள் அங்கே ஒரு லட்சத்திற்கும் மேல் உள்ளன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காகிதம் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுவது, அது அழியாமல் இருந்ததால் மட்டுமன்று. அதனை வகைப்படுத்திப் பட்டியலிட்டவர்களாலும்தான். அதே நகரில் கணினி நிரல் எழுதும் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். ஆயினும் நம் மேசையில், இரண்டே ஆண்டுகளுக்கு முன் வந்த கடிதம் காணாமற் போனதாகக் கருதப்படுகிறது. விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுவே.

பரிகாரம் எளியது. கடிதத்தின் தலைப்பில் ஊர், பொருள், ஆண்டு மூன்றையும் ஒரே முறையில் எழுதும் வழக்கத்தை ஒவ்வோர் அலுவலகமும் பள்ளியும் மேற்கொள்ளட்டும். முக்கியமான முடிவுகளை அஞ்சல் பெட்டியில் மட்டும் விட்டுவைக்காமல், திட்டத்தின் பெயரிட்ட கோப்புறையில் தனியே சேர்த்து, அதற்கு மறுபிரதியும் எடுத்து வைக்கட்டும். ஆசிரியர்கள் மேற்சொன்ன தெரிந்த சொல் சோதனையை வகுப்பில் செய்து காட்டலாம். கருவியின் விடையையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்னும் விஞ்ஞானப் பழக்கம் மாணவருக்கு அதனால் பதியும்.

தேடியும் அகப்படாத போது 'கிடைக்கவில்லை' என்று எழுதுவோம், அது உண்மை. எங்கெங்கே, எவ்வாறு தேடினோம் என்பதையும் உடன் எழுதுவோம், அது நேர்மை. 'இல்லை' என்னும் சொல்லையோ, எல்லாச் சோதனையும் முடிந்த பின்னரே எழுதுவோமாக.