ஏழு ஒஸ்கார், ஒரு தமிழன் இல்லை

'நம்ம கித்துல்கலவில எடுத்த படத்துக்கு ஏழு ஒஸ்கார்' எண்டு பெருமை பேசுற பதிவுகளுக்குக் குறைவில்லை. டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957). சிறந்த படம், இயக்கம், நடிப்பு எல்லாம் வென்றது. நல்ல படந்தான், அதில சண்டை இல்லை.

ஆனா அந்த ரயில் பாதையை உண்மையில போட்டது ஆர்? 1942-43இல் சயாம்-பர்மா பாதையில் ஜப்பானியர் வேலை வாங்கிய நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர் அதைப்போல மூன்று மடங்கு. அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர். கொலராவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தவர்கள். படத்தில் அவர்களுக்கு ஒரு பாத்திரம்கூட இல்லை.

'அது கற்பனைக் கதைதானே' எண்டு சொல்லுவாங்க. சரி, திரைக்கதை விருதைப் பாருங்க. கம்யூனிஸ்ட் எண்டு ஹொலிவூட் ஒதுக்கிய கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும் எழுதினார்கள். நாவலாசிரியர் பியர் பூலின் பேருக்கு விருது போனது. 1984இல் அது திருத்தப்பட்டு, அந்த இருவரின் பேரும் ஏறியது. மறைத்த பேரைத் திருப்பி எழுதலாம் எண்டு ஒஸ்காரே ஒப்புக்கொண்டிருக்கு.

எண்ணாத சாவு எப்படி வலிக்கும் எண்டு நம்ம கரைக்குத் தெரியும். படத்தைப் போடுங்க, பாருங்க. போட முதல் அந்தத் தமிழரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஆற்றைக் காட்டி மட்டும் பெருமைப்பட நமக்கு உரிமை இல்லை.