குறிப்பு எல்லோருக்கும், பேர் யாருக்கு?



"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது பழமொழி. உப்பு போட்டவங்களையே நினைக்கணும் என்றால், எவ்வளவு உப்பு போடணும் என்று சொல்லிக் கொடுத்தவங்களை நினைக்க வேண்டாமா?

மதியம் மணி அடித்ததும் நம் வகுப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவரவர் டிபன் பாக்ஸ் அவரவர் கையில் இருக்காது. குப்பத்திலிருந்து வரும் தோழிகள் டப்பாவைத் திறந்தால் சென்னாக்கூனி தொக்கு, எறா வறுவல், நெத்திலிக் கருவாடு என்று வாசனை தூக்கும். "எப்படிடி செஞ்சாங்க உங்க அம்மா?" என்று கேட்டு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். இதுவரை நல்ல பழக்கம்தான். ஆனால் ரெண்டு வாரம் கழித்து அதே தொக்கு வேறொரு வீட்டில் "எங்க வீட்டு ஸ்பெஷல்" ஆகிவிடுகிறது. நாலு பேர் பாராட்டும்போது, "இது இன்னார் அம்மா சொல்லிக் கொடுத்தது" என்ற ஒரு வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

"இது ஒரு விஷயமா?" என்று சிலர் சிரிக்கலாம். விஷயம்தான் என்பது என் கருத்து. நம்ம ஏரியா சாப்பாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அத்தோவுக்குப் பின்னால் யார்?

வடசென்னை என்றாலே இன்று எல்லோரும் சொல்வது அத்தோ. இது வடசென்னையில் பிறந்த சாப்பாடு இல்லை. பர்மாவில் 1962-ல் நே வின் தலைமையில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சொத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வியாசர்பாடியில் குடியேறினார்கள், நம்ம எண்ணூரிலும் குடியேறினார்கள். பர்மா நகர் என்ற பேரே அதற்குச் சாட்சி. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் 1969-ல் வந்தது.

அவர்கள் கையில் நகை இல்லை, பணம் இல்லை. கைப்பக்குவம் மட்டும் இருந்தது. பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் கையால் பிசைந்து கலப்பது. நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அங்கே மீன் போட்டுக் கொதிக்கும் மொய்ங்கா, இங்கே பல கடைகளில் மீன் இல்லாத வாழைத்தண்டு சூப்பாக மாறிவிட்டது. அந்தத் தள்ளுவண்டிகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

இன்று அதே அத்தோவைப் பெரிய ஓட்டல்களில் விற்கிறார்கள். போனில் வீடியோ எடுத்து "நான் கண்டுபிடிச்ச ரெசிப்பி" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தட்டு நிறைய அத்தோ இருக்கிறது. கப்பலில் வந்த அந்தப் பாட்டிகள், தாத்தாக்களின் பேர் எங்கே இருக்கிறது? என் கோபம் இதில்தான். அத்தோவை யார் வேண்டுமானாலும் செய்யட்டும், விற்கட்டும். "பர்மாவில் இருந்து வந்தவங்க கொண்டு வந்தது" என்று ஒரு வரி சொல்ல என்ன செலவு?

கூட்டாளிகளின் கதை

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டில்லியில் ஒரு கதை உண்டு. 1947 பிரிவினையின்போது பெஷாவரில் இருந்து அகதிகளாக வந்தவர்கள் குந்தன் லால் குஜ்ராலும் குந்தன் லால் ஜக்கியும். முதல் பேர் கூட ஒன்றுதான்! தர்யாகஞ்ச் பகுதியில் 'மோதி மஹால்' ஓட்டலைக் கூட்டாளிகளாக நடத்தினார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு, 2024 ஜனவரியில் இரண்டு குடும்பத்தாரின் சண்டை டில்லி உயர் நீதிமன்றம் வரை வந்தது. பட்டர் சிக்கனை முதலில் செய்தது எங்க தாத்தாவா, உங்க தாத்தாவா? ஒரே அடுப்பில் ஒன்றாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் வக்கீல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ரசகுல்லாவுக்கும் இப்படி ஒரு சண்டை வந்தது. மேற்கு வங்காளம் எங்களுடையது என்றது, ஒடிசா எங்களுடையது என்றது. புவிசார் குறியீடு கொடுக்கும் அலுவலகம் நம்ம கிண்டியில்தான் இருக்கிறது. வங்காளத்து ரசகுல்லாவுக்கு 2017-லும் ஒடிசா ரசகுல்லாவுக்கு 2019-லும் தனித்தனியாகக் குறியீடு கிடைத்தது. அவரவர் செய்முறைக்கு அவரவர் பேர்! எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் அதே குறியீடு கிடைத்தது. ஆனால் அது ஊருக்குக் கிடைக்கும் பேர். அடுப்படியில் வியர்வையோடு நிற்கும் ஓர் அம்மாவுக்கு எந்த அலுவலகம் பேர் கொடுக்கும்? நாம்தான் கொடுக்கணும்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"அந்த அம்மாவுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்ததுதானே?" என்று கேட்கலாம். உண்மைதான். சாம்பாரை முதலில் வைத்தவர் யார் என்று தேடினால் ஆயுசு போதாது. அதனால் 'யார் கண்டுபிடித்தது?' என்று கேட்க வேண்டாம். 'உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?' என்று கேட்போம். இதற்கு மட்டும் எல்லோரிடமும் பதில் இருக்கும்.

"நான் தேங்காய்ப்பால் சேர்த்து மாத்திட்டேன், இப்ப என்னுதுதானே?" தேங்காய்ப்பால் உன்னுது. மீதி அவங்களுது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் உன் பேர் குறையாது.

"சட்டம் ஒன்றும் தடுக்கலையே?" சரிதான். சமையல் புத்தகத்தின் வரிகளை அப்படியே அச்சடிப்பதற்குத்தான் தடை. அந்தக் குழம்பை வைப்பதற்குத் தடை இல்லை. ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும் நட்பு கேட்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் குறிப்பு வேறு, தொழில் குறிப்பு வேறு. இட்லிக் கடையோ மீன் வறுவல் கடையோ வைத்திருக்கும் அக்கா மசாலா அளவை வெளியில் சொல்லமாட்டேன் என்றால் அது கஞ்சத்தனம் இல்லை. அது அவர் பிழைப்பு. அவர் நம்பிச் சொன்னால், கேட்காமல் இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது.

பேரோடு போன குறிப்பு

எஸ்.மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்களுக்குச் சீர் வரிசையோடு அந்தப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். வெளிநாட்டுச் சமையலறை வரை குறிப்பும் போனது, அவர் பேரும் போனது. எழுதி வைத்ததால்தான் இது நடந்தது. நம் குப்பத்து ஆயாக்களும் பர்மா நகர் பாட்டிகளும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்காக எழுதக் கூடியவர்கள் பள்ளிக்கூடம் போகும் நாம்தான்.

இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் ஓம் விதி, நியூட்டன் விதி, ராமன் விளைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். மார்க் போய்விடும் என்று பயந்து மனப்பாடம் செய்கிறோம். தினமும் சாப்பிடுவதற்குப் பின்னால் உள்ள பேரை மறக்கலாமா?

அதனால் ஆசிரியர்களிடமும் இந்தச் சுவர்ப் பத்திரிகைக் குழுவிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இருந்து சமையல் குறிப்புக்கு ஒரு மூலை ஒதுக்குவோம். 'தேவையான பொருட்கள்', 'செய்முறை' ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு தலைப்பும் கட்டாயம் இருக்கட்டும்: 'சொல்லிக் கொடுத்தவர்'. அம்மாவோ, ஆயாவோ, பக்கத்து வீட்டு அத்தையோ, பெஞ்சுத் தோழியோ, அவர்களிடம் கேட்டு, சம்மதத்தோடு பேரைப் போடுவோம். அந்த வரி காலியாக இருந்தால் குறிப்பை ஒட்ட வேண்டாம்.

ருசியைப் பகிர்வோம்! பேரையும் பகிர்வோம்!

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி