இடக்கை செய்த குற்றம் என்ன?

வலக்கையைச் சோற்றுக்கை என்றும் இடக்கையைப் பீச்சாங்கை என்றும் அழைத்துப் பழகியவர் நம் மக்கள். ஓர் உடம்பின் இரண்டு உறுப்புகளுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்திய இந்த விந்தை அறிவு உறுப்போடு நின்றிருந்தால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். நின்றதா? மனிதரையே வலங்கையர், இடங்கையர் என்று இரு கூறாக்கிற்று. எந்தத் தெரு எவருக்கு உரியது என்பதற்காகச் சென்னைப் பட்டினத்தில் 1652-லும், மீண்டும் 1707-லும் கலகம் விளைத்தது. கடல் கடந்து வாணிகம் செய்ய வந்த கம்பெனியாரின் கவர்னர் தாமஸ் பிட் நம்மவரின் கைச்சண்டையைத் தீர்த்துவைக்கும் நிலை வந்தது. என்னே நம் பெருமை!

அந்தச் சண்டைக்கும் இக்காலக் கணினி மேசைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் நகைக்கலாம். கூறுகிறோம்.

புக்கிட் பாத்தோக்கில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், பிறவியிலேயே இடக்கைப் பழக்கமுள்ள இளைஞர் ஒருவர் இருக்கிறார். நாள் முழுதும் கணக்குகளைக் கணினியில் பதிவதே அவர் தொழில். ஈராண்டாக வலக்கையால் மவுஸைத் தள்ளித் தள்ளி மணிக்கட்டும் தோளும் நொந்து, முடிவில் தம் சொந்தக் காசில், இடக்கைக்கென்றே செய்யப்பட்ட டிராக்பால் மவுஸ் ஒன்றை வாங்கி அலுவலகத்துக்குக் கொண்டுசென்றார். "எல்லாருக்கும் ஒரே வகைக் கருவிதான், உமக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று கேட்டு, அதை வீட்டுக்கே திருப்பியனுப்பிவிட்டார் மேலாளர். வீட்டிலோ, பெற்ற தாயே, "சிறு வயதில் இரண்டு அடி போட்டுத் திருத்தியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்குமா?" என்றாராம். மேலாளர் படித்தவர், தாயார் பழமையில் ஊறியவர். ஆயினும் இருவர் வாயிலும் வந்தது ஒரே நியாயம். இதைத்தான் நாம் கண்டிக்க முன்வந்தோம்.

டிராக்பால் என்பது யாது? மேசைமீது ஓடும் மவுஸைக் கவிழ்த்து வைத்தாற்போன்றது என்று கொள்ளலாம். கருவி இருந்த இடத்தில் இருக்கும். அதன்மேல் பதித்த பந்தை விரலால் உருட்ட, திரையில் அம்புக்குறி நகரும். கை அங்குமிங்கும் அலைய வேண்டுவதில்லை. முன்னங்கை மேசையிலேயே படிந்து ஓய்ந்திருக்கும். ஒரு சாண் இடம் போதும். ஆதலின் நம் அடுக்குமாடி வீடுகளின் குறுகிய மேசைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பந்தைத் தாங்கும் சிறு குமிழ்களில் அழுக்குப் படியும். வாரம் ஒரு முறை பந்தைக் கழற்றித் துடைத்துவிட்டால் முன்போல் வழுவழுவென்று உருளும். முதல் சில நாட்கள் குறி தவறும். பிறகு விரலே வழியறிந்துகொள்ளும்.

இது நேற்றுப் பிறந்த புதுமோகம் அன்று. பிரிட்டிஷ் கடற்படைக்காக ரேடார்த் திரையில் புள்ளிகளைத் தொடரும் பொருட்டு, ரால்ஃப் பெஞ்சமின் என்னும் அறிஞர் 1946-இல் உருள்பந்துக் கருவியை அமைத்தார். கனடா நாட்டுக் கடற்படைக்கு வேலை செய்தவர்கள் 1950-களின் தொடக்கத்தில், பொழுதுபோக்காக உருட்டி விளையாடும் பந்தையே எடுத்துப் பொருத்திக்கொண்டனர். நாம் அறிந்த மவுஸை டக்ளஸ் எங்கல்பார்ட் உலகுக்குக் காட்டியதோ 1968-இல். முன்னோர் வழக்கமே முறை என்று வாதாடுவோர் இதனைக் கருதுவாராக: மவுஸுக்குப் பந்துதான் மூத்தோன்!

இனி இடக்கைக்கு வருவோம். கணினியின் விசைப்பலகையைப் பாருங்கள். எண்களுக்கான தனிப்பகுதி அதன் வலக்கோடியில் இருக்கிறது. வலக்கையால் மவுஸைப் பிடிப்பவர் அந்த எண்பகுதியையும் கடந்து கையை நீட்டியாக வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இப்படி நீட்டிய கை நோகாதா? இடப்புறம் அத்தகைய தடை ஏதுமில்லை. மவுஸ் உடம்புக்கு அருகிலேயே அமையும். அன்றியும், இடக்கை பந்தை உருட்டுங்கால் வலக்கை எண்களைத் தட்டலாம், பேனாவைப் பிடித்துக் குறிப்பு எழுதலாம். ஆகவே இஃது இடக்கைப் பழக்கமுள்ள பத்தில் ஒருவருக்கு மட்டும் உரிய சலுகை அன்று. எஞ்சிய ஒன்பதின்மரும் எண்ணிப் பார்க்கத்தக்க வசதி. 1909-இல் கப்பற் பயணத்தின்போது 'இந்து சுவராஜ்' எழுதிய காந்தியார், வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் தொடர்ந்தார். கையெழுத்துப் படியின் 275 பக்கங்களில் 40 இடக்கை எழுதியவை. அந்த நாற்பது பக்கங்களைத் தீட்டு என்று எவரேனும் கிழித்தெறிந்தனரா?

ஒழுங்கு கெட்டுவிடும் என்பார் மேலாளர். இவ்வொழுங்கு வாதத்தை நாம் வேறோரிடத்தில் முன்னமே கேட்டிருக்கிறோம். மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். கச்சேரியில் வலந்தலை சபையோரை நோக்கியிருக்க வேண்டும் என்பது வழக்கம். இடக்கையர் வாசித்தால் அவர் பாடகரின் மறுபக்கம் அமர வேண்டும். வயலின்காரரும் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கச்சேரி முழுதும் மாற வேண்டியது அவ்வளவே: இரண்டு பேரின் இருக்கை! அதற்கு மனமில்லாமல் அவருடைய வாசிப்பையே ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றார் இருக்கையை மாற்றி அமர்த்தி, அவரைத் தம் பக்கத்தில் வைத்துப் பாடினர். சங்கீதம் கெட்டதா? தமிழ்நாடு இன்றுவரை போற்றும் லயம் அங்கே ஒலித்தது. இருக்கையை மாற்ற மறுத்தவர்கள் எந்த ஒழுங்கைக் காத்தார்கள் என்பதை அவர்கள் கட்சியினர் சொல்லட்டும்.

கருவி செய்வோரையும் சும்மா விடுவதற்கில்லை. லாஜிடெக் கம்பெனியாரின் பேர்பெற்ற எம்.எக்ஸ். எர்கோ, எம்575 ஆகிய பெருவிரற் பந்து மவுஸ்கள் வலக்கையின் வளைவுக்கே வார்க்கப்பட்டவை. இடக்கையால் பற்றவே இயலா. கென்சிங்டன் கம்பெனியாரின் எக்ஸ்பர்ட் மவுஸ் இருபுறமும் ஒத்த உருவம் உடையது, எக்கைக்கும் பொருந்தும். ஜப்பானின் எலிகாம் கம்பெனியாரோ இடக்கைக்கென்றே தனி அச்சில் ஒன்று வார்த்து விற்றனர். ஒருவரால் முடிந்தது மற்றவருக்கு ஏன் முடியாது? இலாபம் குறையும் என்பது அவர்கள் விடை. வியாபாரியிடம் அதையாவது எதிர்பார்க்கலாம். காசு செலவில்லாமல், ஊழியர் தாமே வாங்கிவந்த கருவியைத் தடுக்கும் மேலாளருக்கு என்ன விடை இருக்கிறது?

கைகளைப் பற்றிச் சிந்திக்கத் தமிழருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யேறிய எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. மொழியின் உயிரையே பீச்சாங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அம்புக்குறியை மட்டும் தரமாட்டோம் என்பது என்ன நீதி? நா. கோவிந்தசாமி போன்றோர் உழைத்து, 1997-இல் தமிழ்க் கணிமைக்கென மாநாடும் கூட்டிய ஊர் இந்தச் சிங்கப்பூர். இங்கிருப்போர்க்கு இதனை நாம் நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தம்.

இவ்வூரில் வேறொரு நோயும் உண்டு. கிரியேட்டிவ் நிறுவனத்தை நிறுவிய சிம் வோங் ஹூ அதனைத் தம் நூலொன்றில் சுட்டிக்காட்டினார். பிற நாடுகளில் 'திரும்பாதே' என்ற பலகை இல்லாத இடமெல்லாம் வண்டியைத் திருப்பலாம். சிங்கப்பூரிலோ 'திரும்பலாம்' என்ற பலகை உள்ள இடத்தில் மட்டுமே திருப்பலாம். விதி ஒன்றும் சொல்லாதவிடத்து, 'கூடாது' என்றே கொள்ளும் மனம் இதனால் வளர்கிறது என்றார் அவர். 'இடக்கை மவுஸ் கூடாது' என்று எந்த அலுவலக விதியிலும் எழுதியிருக்கவில்லை. 'கூடும்' என்றும் எழுதியிருக்கவில்லை. அதுவே மேலாளருக்குப் போதுமாயிற்று. பாறைக்கு வெடிவைத்த ஓசை மலை இருமுவதுபோல் கேட்டதால் புக்கிட் பாத்தோக் என்ற பெயர் வந்ததென்று ஒரு சாரார் சொல்வர். மலையே இருமலாம் என்றால், கை நோகிறது என்று ஓர் இளைஞன் சொல்லவும் ஆகாதோ?

நாம் கேட்பது பெரிதன்று. புதிதாக வேலைக்கு வருவோரை, எந்தக் கைப் பழக்கம் என்று அலுவலகம் முதல் நாளே கேட்கட்டும். பொதுக் கணினிகளில் மவுஸின் கம்பியை வலப்புறம் இழுத்துக் கட்டிவைக்கும் வழக்கம் ஒழியட்டும். பொத்தான்களை இடவலம் மாற்றும் வசதி விண்டோஸிலும் ஆப்பிள் கணினியிலும் உண்டு; அதைச் செய்ய அரை நிமிடம் ஆகாது. சமூக மன்றங்களில் கணினி கற்பிப்போர், பத்து மவுஸ் வாங்குங்கால் ஒன்றேனும் இடக்கைக்குரியதாக வாங்கட்டும். தாய்மார்களோ, குழந்தை இடக்கையால் பென்சிலை எடுத்தால் அந்தக் கையில் அடிப்பதை இன்றோடு நிறுத்தட்டும்.