மரத்துக்கு உள்ள மதிப்பு பிள்ளைக்கு இல்லையா?

திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக ஒருவர் பால்வெட்ட வந்தால், தோட்டக்காரர் முதலில் கேட்பது, "எங்க வெட்டிப் பழகின?" என்றுதான். கழிக்கப்போகிற கிழட்டு மரத்தில் வெட்டவிட்டுக் கையைப் பார்ப்பார். நல்ல மரத்தைத் தொடவிடுவது அதற்குப் பிறகுதான். காரணம் இருக்கிறது. நட்டு ஏழு வருஷம் காத்திருந்து, ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தபின்தான் அந்த மரத்தில் கத்தி படும். பாலெல்லாம் பட்டையில்தான். பட்டைக்கும் தடிக்கும் நடுவே உள்ள மெல்லிய தோலைக் கத்தி தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும். புதுப்பட்டை ஒழுங்காக வளராது. ஒரு அரைகுறைக் கை பட்டால் இருபது வருஷ வருமானத்துக்கு அடி. ரப்பர் வாரியம் பால்வெட்டுக்கென்றே பயிற்சி நடத்துவது சும்மாவா?

அதே தோட்டக்காரர் வீடு கட்டும்போது, சாரத்தில் நிற்கிற 17 வயதுப் பையனிடம் இந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை? எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டைல்ஸ் பதிக்கிறார்கள். அங்கே வெட்டிக்கொண்டிருந்தவன் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கட்டிங் மெஷினில் பிளேடை மூட வேண்டிய மூடியைக் காணோம். பிளக்கும் இல்லை, வயரின் இரண்டு நுனிகளையும் சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி செருகி இறுக்கியிருக்கிறான். தரையெல்லாம் தண்ணீர். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. மூக்கில் ஒரு துவர்த்தைச் சுற்றியிருந்தான், கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"மக்களே, அந்த மூடிய எதுக்குக் கழத்தின?"

"அது கிடந்தா மூலை வெட்ட முடியாது மாமா. அண்ணன்தான் கழத்தினாரு."

"யாருடே உனக்கு இந்த வேலைய சொல்லித்தந்தது?"

"யாரு சொல்லித்தரணும்? பாத்துப் பழகினதுதான். வந்து மூணு மாசமாச்சில்லா."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. அதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது. அவன் வேலைக்குச் சளைத்தவன் இல்லை. உழைக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளையிடம், கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்ப எடுக்க முடியாது, சிலிக்கோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது என்று ஒரு பெரியவர்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் 800 ரூபாயை எண்ணிக் கொடுத்ததோடு எல்லாருக்கும் கடமை முடிந்துபோகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் திருத்தியே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 17 வயதுப் பையன் சாரம் ஏறுகிறான். விழுந்தால் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்றால், 18 வயதானால்தான் அங்கே பதிவே செய்ய முடியும். தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அது கட்டாயப்படுத்துவது பெரிய நிறுவனங்களைத்தான். நாலு பையன்களை வைத்து வேலை பார்க்கிற காண்டிராக்டரை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"ரெண்டு வருஷம் இங்க நிப்பான், பெறகு வெளிநாட்டுக்கு அனுப்பிடுவோம்" என்கிறார்கள் வீட்டில். எதை நம்பி அனுப்புவீர்கள்? பத்தாம் வகுப்பு தேறாதவனுக்குப் பொதுவாகக் கிடைப்பது இசிஆர் பாஸ்போர்ட். அதை வைத்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சலைக் காட்டித்தான் ஏஜெண்டு, "விசிட் விசாவில ஏறு, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று பணத்தைக் கறக்கிறான். சவூதியோ இப்போது எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் வேலைக்கு வருகிறவர்களை இந்தியாவிலேயே திறன் தேர்வில் தேறிவிட்டு வரச் சொல்கிறது. பார்த்துப் பழகியதை அந்தத் தேர்வில் எப்படிக் காட்டுவான்? கடைசியில் ஹெல்ப்பராகவே போய், ஹெல்ப்பராகவே திரும்பி வருகிறான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வழி பக்கத்திலேயே இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அப்படியென்றால் பத்தில் நின்ற இந்தப் பையனுக்கும் அந்தக் கதவு திறந்துதான் கிடக்கிறது! அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை. பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவனென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மேலும் 1,000 ரூபாய். தினக்கூலியோடு ஒப்பிட்டால் இது சொற்பம்தான், மறுக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டில் இந்தக் காசு காணாது. ஆனால் கடன் இல்லாத வீடுகளிலும் பையன்களை இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். பெயரை வெட்டியபோது பள்ளியில் இதை எடுத்துச் சொன்னவர் யார்? திருவிழாவுக்கு நாள் முழுக்க மைக் கட்டி அலறுகிற ஊரில், ஐடிஐ சேர்க்கை நடக்கிறது என்று ஒரு நாள் அறிவித்தால் தொண்டை வற்றிப்போகுமா?

வீடு கட்டுகிறவர்களே, சதுர அடிக்கு எவ்வளவு என்று காண்டிராக்டரிடம் பேரம் பேசுகிறீர்கள் அல்லவா? அப்போதே சொல்லிவிடுங்கள்: மூடி இல்லாத மெஷினும் பிளக் இல்லாத வயரும் என் வீட்டுக்குள் வரக்கூடாது, கண்ணாடியும் மாஸ்க்கும் உன் செலவு, வேலை தெரிந்த ஒருவர் பையன் பக்கத்தில் நிற்க வேண்டும். 18 ஆகாத ஒருவன் சாரத்தில் நின்றால் அன்றைக்குக் கான்கிரீட் போட வேண்டாம், மிக்சரைத் திருப்பி அனுப்புங்கள்.