பனி திரும்பி வந்துடுச்சாமே!

போன வாரம் எங்க சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இடது பக்கம் 2012 செப்டம்பர் ஆர்க்டிக், வலது பக்கம் 2025 செப்டம்பர் ஆர்க்டிக். கீழே கொட்டை எழுத்தில், "13 வருஷத்தில் பனி 35 சதவீதம் கூடிவிட்டது. புவி வெப்பமாதல் புளுகு அம்பலம்!" அதுக்கும் கீழே சித்தப்பாவோட சொந்த வரி: "இதுக்கு என்னடா சொல்றே?"

சித்தப்பா கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். சராசரின்னா என்னன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவரே இதில் விழுந்துட்டாரேங்கிறதுதான் வருத்தம். நான் விஞ்ஞானி இல்லை. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுவது பொழப்பு, ராத்திரி இந்த மாதிரி வரைபடங்களை மேய்வது பொழுதுபோக்கு. ஆனா இந்தப் படத்தில் இருக்கிற தில்லுமுல்லைப் பிடிக்க விஞ்ஞானி தேவையில்லை, கணக்குப்பிள்ளை போதும்.

முதலில், எண்கள் சரியா? சரிதான்! ஆர்க்டிக் கடல்பனி வருஷாவருஷம் செப்டம்பரில்தான் ஆகக் குறைவா இருக்கும். 2012ல் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். 2025ல் 46 லட்சம். கழிச்சு வகுத்துப் பாருங்க, 35 சதவீதம் வரும். ஒரு பொய்கூடச் சொல்லாம ஊரை ஏமாத்தறதுன்னா இதுதான்.

1981 முதல் 2010 வரைக்குமான சராசரி 62 லட்சம். சரி, ஒரு பையன் எப்பவும் கணக்கில் 62 மார்க் வாங்கறான்னு வைங்க. ஒரு பரீட்சையில் 34க்கு விழுந்தான். இப்ப 46 வாங்கியிருக்கான். "சார், எம்புள்ள 35 சதவீதம் முன்னேறிட்டான்"னு அவங்கப்பா ரேங்க் கார்டை நீட்டினா சித்தப்பா என்ன சொல்லியிருப்பார்? கார்டைப் பிடுங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டச் சொல்லியிருப்பார். அதைத்தான் நானும் செய்யச் சொல்றேன்.

புரட்டினா என்ன தெரியும்? செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைவான 19 செப்டம்பர்கள் எவை தெரியுமா? 2007லிருந்து 2025 வரைக்கும் வரிசையா வந்த 19 செப்டம்பர்கள்! நடுவில் ஒரு வருஷம்கூடத் தப்பலை. அந்த மொத்தப் பதிவிலும் ஆகக் குறைஞ்ச 2012ஐப் பொறுக்கி எடுத்து ஆரம்பப் புள்ளியா வெச்சுக்கிட்டா, அதுக்கப்புறம் எந்த வருஷத்தை வெச்சாலும் ஏத்தமாத்தான் தெரியும். இது புது வித்தையும் இல்லை. 2013லயே லண்டன் பத்திரிகை ஒண்ணு, ஒரே வருஷத்தில் பனி 60 சதவீதம் வளர்ந்துடுச்சு, பூமி குளிருதுன்னு தலைப்பு போட்டது. அதே கடை, அதே சரக்கு.

நியாயமாப் பேசணும்னா, எதிர்ப் பக்கத்தையும் சொல்லணும். 2007ல் நோபல் பரிசு வாங்கின மேடையில் அல் கோர், கோடைப்பனி ஏழே வருஷத்தில் முழுசாப் போயிடலாம்னு ஒரு ஆய்வை மேற்கோள் காட்டினார். 2014 வந்தது, பனி போகலை. அவரும் 2007ல் வந்த ஒரு பெரிய சரிவின் சூட்டில் பேசினவர்தான். ஒத்தை வருஷத்தை வெச்சு ஜோசியம் சொன்னா எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் இதே கதிதான்.

அண்டார்டிகாவும் அதே பாடத்தைத்தான் சொல்லுது. 2014 செப்டம்பரில் அங்கே கடல்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி சாதனை. "பாத்தியா, பாத்தியா"ன்னு குதிச்சாங்க. 2016ல் சடார்னு சரிஞ்சது. 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே, அதுவரைக்கும் பார்க்காத குறைவு. குதிச்சவங்களை அப்புறம் காணோம் :-)

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் என் உண்மையான கோபமே இருக்கு. 1978 அக்டோபரில் நாசா நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோளை ஏவியது. போட்டோ பிடிக்கிற வேலை இல்லை. துருவத்தில் ஆறு மாசம் இருட்டு, மிச்ச நாள் பாதி மேகமூட்டம், போட்டோவில் என்ன தெரியும்? அதனால் பனியும் தண்ணியும் தாமா வெளிவிடற நுண்ணலைகளை அளக்கறாங்க. ரெண்டும் வேற வேற அளவில் விடும். இருட்டோ மேகமோ அதைப் பெரிசா மறைக்காது. கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, 15 சதவீதத்துக்கு மேல் பனி இருக்கிற கட்டத்தை எல்லாம் கூட்டினா அந்த நாளைய பரப்பு வந்துடும். 1987லிருந்து அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்கள் ஒண்ணுக்குப் பின் ஒண்ணா இந்த வேலையைத் தொடர்ந்து செஞ்சிருக்கு. பழசும் புதுசும் கொஞ்ச நாள் சேர்ந்தே அளக்கணும், ரெண்டையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டணும். அப்பத்தான் கணக்கு ஒட்டும். பழைய கணக்கர் போறதுக்கு முன்னாடி புதுசா வர்றவர்கிட்ட நோட்டை ஒப்படைக்கிற மாதிரி.

இந்த நோட்டை எழுதறவங்க நேர்மையையும் சொல்லணும். 2009 பிப்ரவரியில் ஒரு கருவி கோளாறாகி, ஆர்க்டிக் பனியை 5 லட்சம் சதுர கிலோமீட்டர் குறைச்சுக் காட்டிடுச்சு. அமெரிக்காவின் தேசிய பனித் தரவு மையம் அதை மறைக்கலை. "தப்பு நடந்துடுச்சு"ன்னு வெளிப்படையாச் சொல்லிட்டு, வேற செயற்கைக்கோளின் அளவுக்கு மாறினாங்க. அதுக்கும் கேலிதான் கிடைச்சது. தப்பைத் தானே சொல்ற கணக்கரை நம்பாம, வாட்ஸப் கணக்கை நம்பறோம். என்னத்தைச் சொல்ல!

இந்த நோட்டுக்கு என்ன மரியாதை கிடைச்சுது தெரியுமா? 2014ல் ஏவின எஃப்-19, 2016 பிப்ரவரியில் செயலிழந்து போச்சு. அடுத்தது எஃப்-20, கட்டி முடிச்சு கிடங்கில் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் காசை நிறுத்தினதில், அதை ஏவாமலே 2016ல் பிரிச்சுப் போட்டுட்டாங்க. செஞ்ச பொருளை! 2025 ஜூனில் அடுத்த கூத்து. மிச்சமிருக்கிற செயற்கைக்கோள்களின் தரவு இந்த மாசக் கடைசியோட நின்னுடும்னு சில நாள் முன்னாடிதான் அறிவிச்சாங்க. அப்புறம் ஜூலை 31ன்னாங்க. அப்புறம் இல்லை, 2026 செப்டம்பர் வரைக்கும் தர்றோம்னாங்க. அதுக்குள்ளே தரவு மையம் அவசர அவசரமா, 2012ல் ஏவின ஜப்பான் செயற்கைக்கோளின் அளவுக்கு மாறவேண்டியதாப் போச்சு. ஜப்பான்காரர்கள் 2025 ஜூனில் அடுத்த கருவியையும் ஏவிட்டாங்க, புண்ணியவான்கள்.

"சும்மா மிதக்கிற பனிதானே, உருகினா கடல்மட்டம்கூடப் பெரிசா ஏறாதே"ன்னு கேட்கலாம். ஏறாதுதான். ஆனா வெள்ளைப்பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், கறுத்த கடல் அதைக் குடிக்கும். பனி போன இடத்தில் சூடு ஏறும், அந்தச் சூடு இன்னும் பனியை உருக்கும். அந்தச் சுழற்சி எவ்வளவு வேகமாப் போகுதுங்கிறதை, விட்டுப்போகாத ஒரு நீளமான பதிவை வெச்சுத்தான் சொல்லமுடியும். நடுவில் ரெண்டு வருஷம் ஓட்டை விழுந்தா, அப்புறம் எத்தனை கோடி கொட்டினாலும் அந்த ரெண்டு வருஷத்தை வாங்க முடியாது. போன வருஷத்துப் பனியை அடுத்த வருஷம் போய் அளக்க முடியுமா?

நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிச்சுக் காட்டறவனும், நோட்டையே மூடச் சொல்றவனும் எனக்கு ஒண்ணுதான். முன்னவன் நம்மை ஏமாத்தறான். பின்னவன், இனிமே யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்யறான்.

சித்தப்பாவுக்குப் பதிலா எதையும் எழுதலை. 1979லிருந்து 2025 வரைக்குமான செப்டம்பர் எண்களை ஒரு தாளில் வரிசையா எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். "நீங்களே வரைபடத்தாளில் புள்ளி வெச்சுப் பாருங்க சித்தப்பா"ன்னு மட்டும் சேர்த்தேன். ரெண்டு நாள் சத்தமே இல்லை. மூணாம் நாள் பதில் வந்தது: "கோடு கீழேதான்டா போகுது. ஆனா 1996ல ஏன் மேலே போச்சு?"

கேள்வின்னா இது கேள்வி. வாத்தியார் திரும்பி வந்துட்டார். பனிதான் வரலை.