தீப்பெட்டிப் படத்துக்கு மார்க் போடலாமா?

டல்லாஸில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன் போக்கிமான் அட்டை சேர்க்கிறான். நல்ல அட்டையாகப் பார்த்து பி.எஸ்.ஏ. என்கிற கம்பெனிக்கு அனுப்புகிறான். 1991-இல் தொடங்கிய கம்பெனி அது. மூலை மடிந்திருக்கிறதா, ஓரம் தேய்ந்திருக்கிறதா, படம் நடுவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, 1 முதல் 10 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடித் தருவார்கள். பத்து வாங்கிய அட்டைக்கும் எட்டு வாங்கிய அட்டைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

"தாத்தா, உங்க தீப்பெட்டிப் படத்துக்கும் இப்படி மார்க் வாங்கலாமே?" என்று போன வாரம் கேட்டான்.

யோசித்தேன். அவன் அட்டைகள் சேர்ப்பதற்கென்றே அச்சடித்தவை. ஒரே அட்டை எத்தனையோ ஆயிரம் பேரிடம் இருக்கும். அதனால் எது கசங்காதது என்பதில்தான் விலை. நம் ஊர்ச் சமாச்சாரம் வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923-இல் ஆரம்பித்த நாளிலிருந்து, இந்தப் படங்கள் குப்பைக்குப் போவதற்கென்றே அச்சானவை. குச்சி தீர்ந்தால் பெட்டி தெருவில். தப்பிப் பிழைத்த ஒன்றிடம் போய் மூலை ஏன் மழுங்கியது என்று கேட்பது என்ன நியாயம்?

வெளியூர் சேகரிப்பாளர்கள் ஒட்டாத, பிரஸ்ஸிலிருந்து நேராக வந்த லேபிளுக்குத்தான் அதிக விலை தருவார்கள். சிவகாசிக்காரனுக்கு அதில் பெரிய அதிசயமில்லை. பழைய பிரஸ்களில் மிச்சம் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். 1934-இல் கலால் வரி வந்தபின் பெட்டியில் ஒட்டிய பாண்டரோல் சீட்டின் துணுக்கோடு கிடைக்கும் கிழிந்த லேபிளைத்தான் நான் மேலே வைப்பேன். அது கடைக்குப் போய், அடுப்பங்கரைக்குப் போய் வந்தது.

காசு கொடுத்து நிபுணரிடம் காட்ட வேண்டியது ஒன்றுக்குத்தான்: அசலா, பின்னால் அடித்ததா என்பதற்கு. அச்சு நம் ஊர்த் தொழில். பழைய படத்தை மறுபடி அடிப்பது பெரிய வித்தையல்ல. பாதியை நாமே பூதக்கண்ணாடியில் கண்டுபிடிக்கலாம். கல் அச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை, தாறுமாறாக இருக்கும்; ஆப்செட்டில் வரிசை பிடித்து நிற்கும். அதிலும் சந்தேகம் தீராமல், விலையும் செலவைத் தாங்கும் என்றால் அனுப்பலாம். நூறு ரூபாய் லேபிளுக்கு இரண்டாயிரம் செலவழிப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் கதைதான்.

அந்தக் கணக்கில் என் ஆல்பத்தில் தேறியவை மூன்று. மூன்றும் சாமி படம் போட்டு ஸ்வீடனிலும் ஜப்பானிலுமிருந்து வந்த பழைய சரக்கு. இன்னும் பன்னிரண்டு தேறியிருக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து நானே லேமினேஷன் போட்டுக் கெடுத்தேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

மூன்றையும் பேரனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, "ஓரத்துல விரல் ரேகை இருக்கிற படம் ஒண்ணு இருந்துச்சே, அது?" என்றான்.

அது என் அக்கா ஒட்டியது. பள்ளிக்கூடம் போகாமல், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்த பெட்டிகளைக் குரோஸ் கணக்கில் ஒட்டினாள். குரோஸ் என்றால் 144. அந்தக் கூலியில்தான் எனக்குப் பரீட்சைப் பணம் கட்டினார்கள். மைதாப் பசையோடு பதிந்த கட்டைவிரல், மங்கிப் பழுப்பாகியிருக்கிறது. மார்க் போடுகிறவர் கையில் கொடுத்தால் இரண்டு கூடத் தேறாது.

பின்பக்கம் பென்சிலால் அவள் பெயரை எழுதி, தனிக் கவரில் வைத்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு வரும்போது கையில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.